அந்தக் கேபிள் இருக்கட்டும்

வீட்டுக்குப் புதிதாக வைஃபை வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், மேசைக் கணினிக்குப் பின்னால் செருகியிருக்கும் நெட்வொர்க் கேபிளை உருவிப் போடுவதுதான். "அதான் வைஃபை வந்துடுச்சே, இனி எதுக்கு இந்த ஒயர்?" என்று அந்தக் கணினிக்கும் வைஃபை பிடிக்கும் ஒரு டாங்கிளை வாங்கிச் செருகிவிடுவார்கள். சொந்தக்காரர் வீட்டிலும் நண்பர் வீட்டிலும் நெட் படுத்துக்கொண்டால் கூப்பிடப்படுகிற ஆள் நான். பார்த்துப் பார்த்து எனக்கு இதில் ஒரு பிடிவாதமே வந்துவிட்டது. நகர்கிற சாதனங்களுக்குத்தான் வைஃபை. நகராத கணினி கேபிளிலேயே இருக்கட்டும். அதில் லாபம் அந்தக் கணினிக்கு மட்டுமல்ல, வைஃபையில் இருக்கும் போனுக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்துத்தான்.

காரணம் எளிது. ஒரு வைஃபை சேனலில், அதாவது அலை ஓடும் ஒரு பாதையில், ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு சாதனம்தான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். பேசுவதற்கு முன் காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்ப வேண்டும். ரூட்டரும் இந்த வரிசையில் ஓர் ஆள்தான், அதற்குத் தனிச் சலுகை கிடையாது. பக்கத்து வீட்டு ரூட்டர் அதே சேனலில் இருந்தால் அதுவும் உங்கள் வரிசையில் நிற்கிறது. ரூட்டர் பெட்டியில் ஏசி1200 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 867 மெகாபிட் என்ற இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கிய எண். உங்கள் போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். அந்த 867உம் காற்றில் ஓடும் மொத்த வேகம்தான். காத்திருப்பதற்கும் மறுமொழிக்கும் போக, கோப்பு நகர்வது ஏறக்குறைய அதில் பாதி வேகத்தில்தான்.

கேபிளில் இந்த வரிசையே இல்லை. ஒவ்வொரு கேபிளுக்கும் தனிப் பாதை தரும் ஸ்விட்ச் என்ற கருவி இருக்கும் எந்த நெட்வொர்க்கிலும் கணினி அனுப்பிக்கொண்டே வாங்கவும் செய்யும். ஒரு கிகாபிட் என்றால் போக ஒன்று, வர ஒன்று. அதனால் பெரிய பேக்கப், பெரிய டவுன்லோட் எல்லாம் நடக்கிற அந்த மேசைக் கணினி கேபிளில் இருந்தால், காற்றில் அதனால் வரும் நெரிசல் இல்லாமல் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் கேபிள் நெட்வொர்க்குக்குப் பெயர் ஈதர்நெட். அதற்கு வித்திட்டதே கம்பியில்லாத ஒரு நெட்வொர்க்தான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே கணினிகளை ரேடியோ வழியே இணைக்க அலோஹாநெட் என்று ஒன்றை அமைத்தார்கள். 1971இல் அது ஓடத் தொடங்கியது. யாருக்கு அனுப்ப வேண்டுமோ அனுப்பிவிடு, மோதிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு என்பதுதான் அதன் சூத்திரம். அதைப் படித்த பாப் மெட்காஃப், 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் அதே எண்ணத்தைச் செம்மைப்படுத்தி ஒரு கேபிளுக்குள் கொண்டுவந்தார். பிறகு ஸ்விட்ச் வந்து, கம்பியில் மோதல் என்பதே ஒழிந்தது. 1997இல் வைஃபையின் முதல் தரமான 802.11, 2 மெகாபிட் வேகத்தோடு வந்தபோது, கம்பி கைகழுவிய அந்தத் தொல்லை மறுபடி காற்றுக்கே வந்து சேர்ந்தது. இன்றைய ரூட்டர்கள் எவ்வளவோ சாமர்த்தியமாக அதைச் சமாளிக்கின்றன. ஆனாலும் அடிப்படை மாறவில்லை.

சரி, இப்போது அமைப்புக்கு வருவோம். ஏற்கெனவே ஒரு கணினி மோடத்தோடு நேராகக் கேபிளில் இருக்கிறது, நடுவில் வைஃபை ரூட்டர் ஒன்றை நுழைக்க வேண்டும். மோடத்திலிருந்து வரும் கேபிள், வெளி இணைப்புக்கான துளையான ரூட்டரின் வேன் போர்ட்டுக்கு. அது மற்றவற்றிலிருந்து தள்ளியோ வேறு நிறத்திலோ இருக்கும். கணினியின் கேபிள், வீட்டுச் சாதனங்களுக்கான லேன் போர்ட்களில் ஏதாவது ஒன்றுக்கு. கேபிள் வேலை அவ்வளவுதான். இதற்கு மேல் நெட் வராவிட்டால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது, இணைய நிறுவனம் கொடுத்த பெயரும் பாஸ்வேர்டும் இதுவரை கணினிக்குள் ஒரு டயல் இணைப்பாக இருந்திருக்கும். அந்த வகை இணைப்புக்குப் பிபிபிஓஇ என்று பெயர். அந்த விவரத்தை இனி ரூட்டருக்குள் கொடுத்துவிட்டு, கணினியில் இருக்கும் பழைய இணைப்பை அழித்துவிட வேண்டும். இரண்டாவது, சில நிறுவனங்கள் முதலில் செருகிய கணினியின் மேக் முகவரியை, அதாவது அந்தச் சாதனத்தின் அடையாள எண்ணை, நினைவில் வைத்துக்கொண்டு வேறு எதையும் ஏற்காது. ரூட்டர் அமைப்பில் மேக் குளோன் என்று ஒன்று இருக்கும். கேபிளில் இருக்கும் அதே கணினியிலிருந்து அதைச் சொடுக்கினால் ரூட்டர் அந்தக் கணினியின் முகவரியைப் போட்டுக்கொள்ளும். அதற்கு முன் மோடத்தைக் கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டுப் பாருங்கள், அதிலேயே பாதி சரியாகிவிடும்.

ஆனால் நான் அதிகம் பார்க்கும் தகராறு இவை இரண்டும் இல்லை. தம்பி முறை ஆகும் ஒருவன் போன் போட்டான்.

"அண்ணே, பிரிண்டர் செத்துப்போச்சு."

"போன்ல இருந்து அடிச்சா வருதா?"

"போன்ல இருந்து வருது. கம்ப்யூட்டர்ல இருந்துதான் வரல."

"அப்ப பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டரோட நெட்வொர்க் முகவரி, அந்த ஐபி, என்னன்னு பாத்துச் சொல்லு."

"192.168.1.5."

"பிரிண்டரோடது?"

"192.168.0.102."

"புது ரூட்டரோட வேன்ல இருந்து போற கேபிள் எங்க போகுது?"

"நெட்டுக்காரங்க குடுத்த பொட்டிக்கு. கம்ப்யூட்டரும் அதுலதான் இருக்கு."

இதற்குமேல் கேட்க எதுவுமில்லை. இப்போதெல்லாம் இணைய நிறுவனம் கொடுக்கும் பெட்டி வெறும் மோடம் இல்லை, அதுவே ஒரு ரூட்டர். அதன்மேல் இன்னொரு ரூட்டரை வாங்கி அதன் வேன் போர்ட்டில் செருகினால், ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உண்டாகிறது. கணினி வெளிவட்டத்தில், போனும் பிரிண்டரும் உள்வட்டத்தில். மூன்றாவது எண் 1, 0 என்று வேறுபடுவது அதைத்தான் காட்டுகிறது. உள்ளே இருப்பது வெளியே போக முடியும், வெளியே இருப்பது உள்ளே வர முடியாது. போனில் நெட் வரும், கணினியிலும் நெட் வரும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், ஒன்று இன்னொன்றைத் தேடும் வரை.

இந்த 192.168 முகவரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதனால் 1996இல் ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகியவற்றில் தொடங்கும் முகவரிகளை உள்வீட்டுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி வைத்தது. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், இணையத்தில் அவை செல்லாது. ரூட்டர் உள்ளே இருப்பவர்களின் தரவுப் பொட்டலங்களை எல்லாம் தன் ஒரே வெளிமுகவரியில் அனுப்பி, பதில் வரும்போது யார் கேட்டது என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. அதற்கு நாட் என்று பெயர். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் பொட்டலத்தை யாருக்குக் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது, கீழே போட்டுவிடும். இணையத்தில் இருக்கும் கண்டவனும் உள்ளே வராமல் இருப்பது இதனால்தான். இதே போன்ற தடுப்புக் கதவு இன்னொன்று வீட்டுக்குள்ளேயே நடுவில் முளைத்தால்தான் பிரிண்டர் காணாமல் போகிறது.

தீர்வு, புது ரூட்டரை ரூட்டர் வேலையிலிருந்து விடுவித்து வைஃபையை மட்டும் பரப்பும் வெறும் அக்சஸ் பாயின்ட் ஆக்கிவிடுவது. அமைப்பிலேயே அப்படி ஒரு முறை இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும். இல்லையென்றால் கையால் செய்யலாம். ஒரு கணினியைக் கேபிள் போட்டு அந்த ரூட்டரில் மட்டும் செருகி, அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய், அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். முதல் பெட்டி 192.168.1.1இல் இருக்கிறது என்றால், அது யாருக்கும் கொடுக்காத எண்ணாக இது இருக்க வேண்டும். பிறகு சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணையுங்கள். இரண்டு பேர் முகவரி வழங்கினால் குழப்பம்தான். கடைசியாக, முதல் பெட்டியிலிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் செருகாமல் ஒரு லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் போர்ட் காலியாகக் கிடக்கட்டும். இப்போது கேபிள் கணினியும் வைஃபை போனும் ஒரே நெட்வொர்க்கில். தம்பியின் பிரிண்டர் அப்படித்தான் உயிர்த்தெழுந்தது.

ஒரே நெட்வொர்க்கில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். கணினியில் அந்த இணைப்பு பொது நெட்வொர்க் என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் கோப்புப் பகிர்வை மூடிவைக்கும், தனிப்பட்டது என்று மாற்ற வேண்டும். அல்லது பிரிண்டர் விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கும். விருந்தினர் நெட்வொர்க்கின் வேலையே வீட்டுச் சாதனங்களை மறைப்பதுதான், அது தன் கடமையைச் செய்கிறது.

கேபிள் கணினியை வைத்திருக்கச் சொல்வதற்கு என்னிடம் இன்னொரு காரணமும் உண்டு, வேகத்தைவிட எனக்கு அதுதான் பெரிது. அது ஒரு சாட்சி. "நெட் ஸ்லோ" என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "கம்ப்யூட்டர்ல எப்படி இருக்கு?" என்பதுதான். கேபிளிலும் மெதுவென்றால் தவறு வைஃபையில் இல்லை. கேபிளில் பறந்து, போனில் தவழ்ந்தால் இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. எல்லாமே வைஃபையில் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. வாடிக்கையாளர் சேவையில் பேசுபவரும் முதலில் "கேபிளில் செருகிப் பாருங்கள்" என்றுதான் சொல்லப்போகிறார்.

பார்ப்பது எப்படி? கேபிள் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ரூட்டரின் முகவரிக்கு பிங் கொடுங்கள், நிற்காமல் ஓட்டும் முறையில். ஒரு பொட்டலம் போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் என்று காட்டும் கட்டளை அது. வரிக்கு வரி ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு, குறைவு, குறைவு என்று சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி வர வேண்டும். இப்போது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தூரத்து அறைக்குப் போய் அதையே செய்யுங்கள். 3, 4, 3, 61, 5, 140, பதிலில்லை, 4 என்று வந்தால், அந்த 61க்கும் 140க்கும் பின்னால் காத்திருப்பும் மறு அனுப்பலும் இருக்கின்றன. வீடியோ அழைப்பில் முகம் உறைவது அந்தப் "பதிலில்லை" வரியில்தான். சராசரியைப் பார்க்காதீர்கள், தாவலைப் பாருங்கள். பிறகு கேபிள் கணினியிலிருந்தே, இணையத்தில் கூகுளின் முகவரியான 8.8.8.8க்கு பிங். ரூட்டர் வரை சுத்தமாக இருந்து இதில் உதைத்தால் கோளாறு ரூட்டருக்கு அப்பால், அதாவது மோடத்திலோ வெளியே போகும் இணைப்பிலோ. எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயரைக் கொடுத்தால் வராவிட்டால், கோளாறு பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்.

சாட்சியும் பொய் சொல்லும், கேபிள் கெட்டிருந்தால். இதில் எனக்குப் பிடித்த ஒரு துப்பறியும் வேலை இருக்கிறது. கணினியில் இணைப்பு வேகம் ஒரு கிகாபிட்டுக்குப் பதில் 100 மெகாபிட் என்று காட்டினால், கேபிளின் முனையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அந்தக் கண்ணாடி போன்ற கனெக்டருக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி உலோகப் பல்லைத் தொடாமல் சற்று உள்வாங்கி நின்றால், பெரும்பாலான கணினிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் வருகிறது, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இதைவிடத் தந்திரமான ஒன்று நிற வரிசை. பொதுவாகப் பின்பற்றும் பி முறையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வரும். பச்சை ஜோடி மட்டும் பிரிந்து மூன்றிலும் ஆறிலும் நிற்பதைக் கவனியுங்கள். "இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் சரி" என்று ஜோடி ஜோடியாக அடுத்தடுத்து வைத்துக் கிரிம்ப் செய்பவர்கள், அதாவது கனெக்டரை அழுத்திப் பொருத்துபவர்கள், இருக்கிறார்கள். விளக்கு எரியும் டெஸ்டரில் எட்டும் வரிசையாக எரியும், ஏனென்றால் எட்டுக் கம்பியும் போக வேண்டிய இடத்துக்குப் போகத்தான் செய்கின்றன. ஆனால் மூன்றும் ஆறும் இப்போது வெவ்வேறு முறுக்கிலிருந்து வந்த கம்பிகள். அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இல் காப்புரிமை வாங்கிய உத்தி இது: ஒரு சமிக்ஞையின் போக்குக் கம்பியையும் வரத்துக் கம்பியையும் ஒன்றாக முறுக்கினால் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, ஒன்றையொன்று அடித்துவிடும். ஜோடியைப் பிரித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. குட்டைக் கேபிளில் ஓடிவிடும், நீளம் கூடக் கூடப் பிழை ஏறும். டெஸ்டரை நம்பாதீர்கள், நிறத்தைக் கண்ணால் பாருங்கள்.

வைஃபை அலையைப் பற்றி எழுதப் புகுந்தால் நிற்காது, வேண்டியதை மட்டும் சொல்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. சாமர்த்தியமாக 3 அல்லது 8ஐத் தேர்ந்தால் இரண்டு பக்கமும் அடி வாங்குவீர்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் திரிகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் விசாலமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். அதில் 52 முதல் 144 வரை உள்ள சேனல்கள் பல நாடுகளில் ரேடாரோடு பங்கு போடுபவை. ரூட்டர் அங்கே பேசுவதற்கு முன் குறைந்தது ஒரு நிமிடம் ரேடார் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ரூட்டரை மீட்டெழுப்பியதும் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தாமதமாக வந்தால் பதற வேண்டாம், அதுதான் காரணம். ரூட்டரை அலமாரிக்குள் ஒளித்து வைப்பது அழகாக இருக்கலாம், இரும்பு அலமாரி என்றால் வைஃபை வாங்கியதே வீண். ஆன்டெனாவை நிமிர்த்தி வையுங்கள். அலை அதன் நுனியிலிருந்து போவதில்லை, பக்கவாட்டில்தான் பரவுகிறது. போனை நோக்கி ஆன்டெனாவைக் குறி வைப்பவர்கள் போனுக்கு மிகக் குறைந்த அலையைத் தருகிறார்கள்.

பாதுகாப்பு அமைப்புகளை எல்லாம் கேபிள் கணினியில் உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும். வைஃபை வழியே நுழைந்து வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால், சேமித்த நொடியில் இணைப்பு அறுந்து வெளியே நிற்பீர்கள். வைஃபையைப் பூட்டும் முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, பழைய சாதனம் இருந்தால் டபிள்யூபிஏ2. டபிள்யூஇபி என்ற பழைய முறை 2001லேயே உடைக்கப்பட்டது, அதைத் தொடவே வேண்டாம். பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸின் பின் எண் முறையை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் என்று பெயர், ஆனால் ரூட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதாலும் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்பதாலும் 11,000 முயற்சிக்குள் பிடித்துவிடலாம் என்பது 2011இல் வெளியானது. ரூட்டரின் நிர்வாக பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். 2016இல் இணையத்தையே ஆட்டிய மிராய் என்ற தீநிரல், இப்படித் தொழிற்சாலை பாஸ்வேர்டோடு விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துத்தான் படை திரட்டியது. நெட்வொர்க் பெயரை மறைப்பது, மேக் முகவரி வடிகட்டுவது இரண்டையும் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். மேக் முகவரி காற்றில் மறைப்பில்லாமல்தான் போகிறது. இப்போதைய போன்கள் வேறு ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு போலி முகவரி போட்டுக்கொள்கின்றன. அந்த வடிகட்டியில் கடைசியில் மாட்டுவது நீங்கள்தான்.

மிச்சம் இருப்பது தூரத்து அறை. ரிப்பீட்டர் வாங்கி நடுவில் செருகுவது சுலபம், அதனால்தான் எல்லோரும் அதை வாங்குகிறார்கள். ஒரே சேனலில் கேட்டு அதே சேனலில் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு தடவை காற்றில் ஏற்றுகிறது, வேகம் பாதியாகும். அந்த அறைக்கு ஒரு கேபிள் இழுத்து, பழைய ரூட்டரை மேலே சொன்னபடி அக்சஸ் பாயின்ட் ஆக்கி, அதே பெயர், அதே பாஸ்வேர்ட், வேறு சேனல் கொடுத்தால் போன் தானாகவே வலுவான பக்கம் தாவிக்கொள்ளும். 100 மீட்டர் வரை கேபிள் தாங்கும், வீட்டுக்கு அது தாராளம். சுவரில் துளை போடுவதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கனெக்டர் மாட்டிய கேபிள் என்றால் துளை குறைந்தது 15 மில்லிமீட்டர் வேண்டும். வெறும் கேபிளை நுழைத்து மறுபக்கம் கிரிம்ப் செய்வதென்றால் அதில் பாதி போதும், ஆனால் அந்த எட்டு நிறங்களையும் நீங்களே வரிசைப்படுத்த வேண்டியிருக்கும்.